அம்மன் காலடியில் ஒரு பிஸ்டல்

கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வது ஒரு வியாதி. எனக்கு அது சின்ன வயதிலிருந்தே இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் ஜன்னல் கண்ணாடி உடைந்தபோது, "யார் உடைத்தது?" என்று ஆசிரியர் கேட்க வாயைத் திறக்கும் முன்பே "நான் இல்லை சேர்" என்று எழுந்து நின்று அடி வாங்கியவன் நான். (உண்மையில் நான் உடைக்கவில்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.) 'எங்கப்பன் குதிருக்குள் இல்லை' என்று சொன்ன பிள்ளை எனக்கு ஒன்றுவிட்ட சகோதரனாக இருக்க வேண்டும்.

இந்த வியாதி முற்றி வெடித்தது லண்டனில், ஒரு சரஸ்வதி பூசை அன்று, எனக்குப் பெண் பேசியிருந்த வீட்டு வாசலில். அதைச் சொல்வதற்கு முன் என் பிஸ்டலைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

தொண்ணூறுகளின் தொடக்கம். வால்தம்ஸ்டோவில் குகன் அண்ணையோடு ஒரே அறையில் இருந்தேன். பெற்றோல் நிலையம் ஒன்றில் கல்லாவில் வேலை. ஊருக்கு அனுப்பியது போக மிஞ்சியதில் மற்றப் பெடியன்கள் வீடியோ டெக் வாங்கினார்கள், தங்கச் சங்கிலி வாங்கினார்கள். நான் பழங்காலத்துப் பிஸ்டல் சேர்த்தேன். சேர்த்தேன் என்றதும் சுவர் முழுக்கத் தொங்கியதாக நினைக்க வேண்டாம். இருந்தது ஒன்றே ஒன்று. ஆனால் யாரிடம் பேசினாலும் 'என்னுடைய கலெக்சன்' என்றுதான் சொல்வேன்.

அதிலும் முதலில் வாங்கியது பிஸ்டலை அல்ல, அதன் உறையை. ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், உடைந்த மணிக்கூடுகளுக்கும் பீங்கான் நாய்களுக்கும் நடுவில் கிடந்தது. அந்தக் காலத்துக் குதிரைப்படை அதிகாரிகள் சேணத்தின் முன்பக்கம் தொங்கவிடும் தோல் உறை. ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவான நீளம், மேலே மூடி, அடியில் கிண்ணம் மாதிரி ஒரு பித்தளைக் குப்பி. கையை உள்ளே விட்டுப் பார்த்தேன். எந்தப் பிஸ்டலோ வருடக்கணக்காக உள்ளே இருந்து குலுங்கி, தோலில் தன் உருவத்தை அப்படியே பதித்துவிட்டுப் போயிருந்தது. சுத்தியல் இருந்த இடத்தில் ஒரு பள்ளம், பிடி இருந்த இடத்தில் ஒரு வளைவு. பேரம் பேசாமல் காசைக் கொடுத்தேன்.

"உறையை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறான். துவக்கு இனித்தான் வருமாம்," என்று குகன் அண்ணை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

அவர் சொன்னதும் பொய்யில்லை. அந்தப் பள்ளத்துக்கும் வளைவுக்கும் பொருந்தும் பிஸ்டலைத் தேடி, உறையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சந்தை சந்தையாக அலைந்தேன். குமர்ப்பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டு மாப்பிள்ளை தேடும் தகப்பனுக்கும் எனக்கும் வித்தியாசம் இருக்கவில்லை. ஒன்று நீளம் கூடிப்போகும். இன்னொன்று உள்ளே போய்க் கலகலவென்று ஆடும். கடைசியில் ஒரு கிழட்டு வியாபாரியின் மேசையில், வாதுமைக் கட்டையும் பித்தளைப் பூணுமாக ஒன்று கிடந்தது. உள்ளே விட்டேன். 'டொக்' என்று ஒரு சத்தம், போய் உட்கார்ந்துகொண்டது. நான் அந்த இடத்திலேயே அழுதுவிட்டேன். வியாபாரி பயந்துபோய் எனக்குத் தேத்தண்ணி வாங்கித் தந்தார்.

துவக்குக்குப் பயந்து நாட்டை விட்டு ஓடி வந்தவனுக்கு இது என்ன விசர் என்று பலரும் கேட்டார்கள். எனக்குத் தெரிந்த பதில் ஒன்றுதான். நான் வாழ்க்கையில் கண்ட துவக்குகளில், நான் ஓடத் தேவையில்லாத துவக்கு இது ஒன்றுதான். இதில் யாரையாவது சுடுவதென்றால் வெடிமருந்து கெட்டிக்க வேண்டும், விசையை இழுக்க வேண்டும், கல் துண்டு இரும்பில் உரச வேண்டும், பொறி பறக்க வேண்டும், அந்தப் பொறி மருந்தைப் பிடிக்க வேண்டும். அதற்குள் எதிரி வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்துவிடலாம். அதனால் அதன் மேல் எனக்கு ஒரு பாசம்.

இப்படி இருக்கும்போதுதான் குகன் அண்ணை எனக்கு ஒரு சம்பந்தம் கொண்டுவந்தார். பெண் பெயர் வாசுகி. மருந்துக்கடை ஒன்றில் வேலை. தகப்பன் பொன்னம்பலம் மாஸ்டர், ஊரில் கணக்குப் படிப்பித்தவர். வீடு குரோய்டனில்.

குரோய்டன் என்ற பெயரைக் கேட்டாலே அந்நாளில் எங்கள் ஆட்கள் விசாக் கடதாசியைத் தேடுவார்கள். விசா, அகதி மனு என்று எதற்கும் அங்கேயிருக்கும் குடிவரவு அலுவலகத்தின் பெரிய கட்டிடத்துக்குத்தான் போக வேண்டும். அந்த ஊருக்குப் பெண் பார்க்கப் போவது, பல் பிடுங்குகிறவர் வீட்டுக்கு விருந்துக்குப் போவது மாதிரி.

"சாதகம் நல்லாப் பொருந்தியிருக்கு," என்றார் குகன் அண்ணை. "சரஸ்வதி பூசைக்கு வரட்டாம். பெடியனை அப்பிடியே பாத்த மாதிரியும் இருக்கும் எண்டு மாஸ்டர் சொன்னவர். நான் உன்னைப் பற்றி எல்லாம் சொல்லிப்போட்டன்."

"என்ன சொன்னனீங்கள்?"

"பெற்றோல் செட்டில மனேஜர் எண்டு."

"அண்ணை! நான் கஷியர்!"

"நாளைக்கு ஆகமாட்டியே? இண்டைக்கே சொன்னால் என்ன? நீ வாயைத் திறக்காமல் இரு, காணும்."

அதோடு இன்னொரு தகவலும் சொன்னார். பூசைக்கு வருகிற எல்லோரும் தங்கள் தொழிலுக்குரிய சாமானைக் கொண்டுவந்து அம்மன் காலடியில் வைக்க வேண்டும். பிள்ளைகள் புத்தகம் வைப்பார்கள், டொக்டர்மார் நெஞ்சில் வைத்துப் பார்க்கிற குழாயை வைப்பார்கள். ஒரு பெற்றோல் நிலைய 'மனேஜர்' எதை வைப்பது? என் தொழிலில் நான் அதிகம் கையாண்ட சாமான் நிலம் துடைக்கிற தடி. அதை அம்மன் முன்னால் வைத்தால் சம்பந்தம் அன்றோடு சரி. குகன் அண்ணை ஒரு பேனையை வைக்கச் சொன்னார். எனக்கோ இருபத்தெட்டு வயதுக்குரிய மூளை. ஆயுத பூசைக்கு ஆயுதம் வைக்காமல் பேனையா வைப்பது? பிஸ்டலைக் கண்டால் மாஸ்டர் அசந்துபோவார், 'எவ்வளவு ரசனையுள்ள பிள்ளை' என்று வாசுகி நினைப்பாள் என்று கணக்குப் போட்டேன். உறையோடு அதைப் பட்டு வேட்டியில் சுற்றி, அப்டன் பார்க்கில் வாங்கிய சீலைக்கடைப் பையில் போட்டு, குகன் அண்ணையின் நீல நிறக் குட்டிக் காரில் வைத்துக்கொண்டு புறப்பட்டேன். இன்றைக்கு அதை நினைத்தால் வியர்க்கிறது.

ஞாயிற்றுக்கிழமை, நல்ல மழை. மாஸ்டர் வீட்டுத் தெருவில் கார் நிறுத்த இடமே இல்லை. எங்கள் ஆட்கள் ஒரு பூசைக்கு வந்தால் தெருவே அவர்களுடையதுதானே. குகன் அண்ணை ஒரு இடைவெளியில் காரைச் செருகினார்.

"இது பக்கத்து வீட்டுக்காரரின்ர வாசல் போல கிடக்கு, அண்ணை."

"அஞ்சு நிமிசம்தானே!"

வீட்டு முகப்பில் சப்பாத்துகள் மலையாய்க் குவிந்து கிடந்தன. வேட்டியைக் கட்டிக்கொண்டு பிஸ்டலை உறையோடு ஏந்தி உள்ளே போனேன். வாசுகியின் தாயான மாமி (அன்றைக்கு அவர் எனக்கு மாமி இல்லை, புனிதம் அன்ரி) என்னை மேலும் கீழும் பார்த்தார். பிஸ்டல் அவரைக் கொஞ்சமும் அசைக்கவில்லை. உறைதான் கண்ணில் பட்டது.

"தம்பி, அது தோலோ?"

"ஓம் அன்ரி. ஒறிஜினல் தோல். இருநூறு வருசத்..."

"மாட்டுத் தோலைச் சாமி அறைக்குள்ள கொண்டுவரப்படாது. சப்பாத்தோட வையுங்கோ."

என் உயிரின் பாதியைச் சப்பாத்துகளோடு வைத்துவிட்டு, மற்றப் பாதியைச் சாமி அறைக்குக் கொண்டுபோனேன். அங்கே துர்க்கை, லட்சுமி, சரஸ்வதி மூவரும் படங்களில் இருந்தார்கள். கும்பம், குத்துவிளக்கு, அவல், கடலை, வடை, புக்கை. காலடியில் புத்தகங்கள், வாசுகியின் கல்குலேட்டர், குகன் அண்ணை சாவிக்கொத்தோடு வைத்த கார்த் திறப்பு. (அவர் வாடகைக்கு மினிகாப் ஓட்டுகிறவர். அவருக்குத் தொழில் சாமான் அதுதான்.) நடுவில் என் பிஸ்டல். மாமி அதற்குச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, குழாய்க்குள் ஒரு சிவப்புக் கார்னேசன் பூவைச் செருகினார். அவ்வளவு அழகாக அதை நான் முன்பும் கண்டதில்லை, பின்பும் கண்டதில்லை.

தேவாரம் தொடங்கியது. நான் ஓரக்கண்ணால் வாசுகியைப் பார்த்தேன். அவள் ஓரக்கண்ணால் பிஸ்டலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் நல்லபடியாகத்தான் போனது.

பூசை முடிந்து பிரசாதம் கொடுக்கும் நேரத்தில் அழைப்பு மணி அடித்தது. மாஸ்டர் ஜன்னலால் எட்டிப் பார்த்துவிட்டு, "பொலிஸ்காரன் ஒருத்தன் நிக்கிறான். தம்பி, நீர்தானே மனேஜர், இங்கிலீசு நல்லாக் கதைப்பீர். என்னெண்டு ஒருக்காக் கேளும்," என்றார்.

பொலிஸ் என்றதும் நான் ஒரு அடி பின்னால் வைத்தேன். ஆனால் பெண்ணின் தகப்பன் கேட்கிறார், மாட்டேன் என்று சொல்ல ஏலுமா? போய்க் கதவைத் திறந்தேன். மழையில் நனைந்தபடி நெட்டையாக ஒரு இளம் கொன்ஸ்டபிள். ஊரில் சீருடையைக் கண்டால் கை தானாக மேலே போகும். அந்தப் பழக்கமும் என்னோடு விமானம் ஏறி வந்திருந்தது. இரண்டு கைகளையும் உயர்த்தினேன்.

"மாலை வணக்கம்," என்றான் அவன். "ஒரு நீல நிறக் கார்..."

"இற் இஸ் நொட் லோடட், சேர்!"

அதில் குண்டு இல்லை ஐயா என்று நான் சொன்னது பிஸ்டலைப் பற்றி. அவன் திரும்பித் தெருவில் நின்ற காரைப் பார்த்தான்.

"எது?"

"பிஸ்டல், சேர்."

அவன் முகத்தில் இருந்த மரியாதைச் சிரிப்பு மெதுவாக இறங்கியது. "எந்தப் பிஸ்டல்?"

"என்னுடைய பிஸ்டல், சேர். ஆனால் இப்போது என்னிடம் இல்லை."

"யாரிடம் இருக்கிறது?"

"அம்மனிடம், சேர்."

"அவர் இப்போது வீட்டில் இருக்கிறாரா?"

இதற்குச் சைவ சித்தாந்தப்படி பதில் சொல்வதென்றால் மழை விட்டுவிடும். நான் "எங்கும் இருக்கிறார், சேர்" என்றேன். அவன் தோளில் இருந்த வயர்லெஸ்ஸில் கை வைத்தான். அதோடு என் அணை முழுவதும் உடைந்தது. நான் மனேஜர் இல்லை சேர், கஷியர். என் விசா சரியாக இருக்கிறது சேர். அந்தக் கார் என்னுடையதில்லை சேர், குகன் அண்ணையுடையது. வயது இருபத்தெட்டு என்று சொல்லியிருக்கிறது, ஆனால் அடுத்த மாதம் இருபத்தொன்பது, சேர்.

மூச்சு வாங்க நிறுத்தினேன். திரும்பினேன். மாஸ்டர், மாமி, வாசுகி, வந்த சனம் முழுவதும் பிரசாதத் தட்டுகளோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். குகன் அண்ணை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். எனக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்தால் நல்லது என்று இருந்தது. மாஸ்டரின் முகத்தை நான் பார்க்கவே இல்லை.

கொன்ஸ்டபிள் உள்ளே காலை வைத்தான்.

"சப்பாத்து!" என்று மாமி போட்ட சத்தத்துக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. அவன் குனிந்து கழற்றினான். ஒரு சொக்ஸில் பெருவிரல் வெளியே எட்டிப் பார்த்தது. சாமி அறைக்குப் போய்ப் பிஸ்டலைப் பார்த்தான், அதிலிருந்த பூவைப் பார்த்தான், கையை நீட்டினான். மாமி குறுக்கே பாய்ந்தார்.

"தொடப்படாது! அம்மனுக்கு வைச்சதை நாளைக்கு விஜயதசமிப் பூசை முடிஞ்சுதான் எடுக்கலாம். ராசா வந்தாலும் ஏலாது!"

அப்போதுதான் வாசுகியின் குரலை முதன்முதலாகக் கேட்டேன். மருந்துக்கடையில் மாத்திரை எப்படிப் போடுவது என்று விளக்குகிற அதே நிதானத்தோடு ஆங்கிலத்தில் சொன்னாள். இன்றைக்கு இங்கே வைத்த எல்லாம் அம்மனுக்குச் சொந்தம். என் கல்குலேட்டரைக்கூட நான் எடுக்க முடியாது. நீங்கள் தொடாமல் எவ்வளவு நேரமும் பார்க்கலாம்.

அவன் முழங்காலில் நின்று பார்த்தான். பிறகு வயர்லெஸ்ஸில் மேலதிகாரியிடம் சொன்னான்: "ஆம் சேர், துப்பாக்கிதான். மிகப் பழையது மாதிரி இருக்கிறது. இல்லை சேர், பறிமுதல் செய்யவில்லை. அதில் ஒரு பூ இருக்கிறது." மறுபக்கத்தில் பலர் சிரிக்கும் சத்தம். கல் உரசிச் சுடுகிற பழங்காலச் சாமானை அலங்காரத்துக்கு வைத்திருக்கலாம், அது உண்மையில் பழையதுதானா என்று மட்டும் பார்த்து வரச் சொன்னார்கள்.

"பழையதுதான் என்று எப்படித் தெரிந்துகொள்வது?" என்று என்னைக் கேட்டான்.

எனக்குப் போன உயிர் திரும்பியது. "உறை இருக்கிறது, சேர்! அதன் தோலைப் பார்த்தால் போதும்!" என்று முகப்புக்கு ஓடினேன்.

என் உறையைக் காணவில்லை. அது இருந்த இடத்தில் ஒரு குடைத் தாங்கி நின்றது. பிறகுதான் விளங்கியது. வந்த சனம் அத்தனை பேரும் தங்கள் ஈரக் குடைகளை ஒன்றின் மேல் ஒன்றாக என் உறைக்குள் இறுக்கிச் செருகியிருந்தார்கள். இருநூறு வருடத் தோல் நனைந்து, வீங்கி, வாய் பிளந்து நின்றது. குடைகளைப் பிடுங்கிவிட்டுச் சரித்தேன். அடிக் குப்பியில் தேங்கி நின்ற தண்ணீர் கொட்டியது.

"ஐயோ!" என்று நான் போட்ட சத்தத்தில் கொன்ஸ்டபிளே ஓடி வந்தான். பொலிஸ் வந்தபோது அழாதவன், மனேஜர் பொய் அம்பலமானபோது அழாதவன், அந்த உறையை மடியில் வைத்துக்கொண்டு சப்பாத்துகளுக்கு நடுவில் இருந்து விம்மி விம்மி அழுதேன்.

மாஸ்டர் குனிந்து பார்த்தார். "நல்ல குடைப்பை, தம்பி. எங்க வாங்கினீர்? அடியில தண்ணி ஒழுகாமல் செய்திருக்கிறான்."

வாசுகி வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள்.

கொன்ஸ்டபிள் என் தோளில் தட்டினான். "கள்ளச் சாமானுக்கு யாரும் இப்படி அழமாட்டார்கள்," என்றான். பிறகு பெருமூச்சு விட்டு, "நான் வந்ததே அந்த நீலக் காருக்காகத்தான். பக்கத்து வீட்டு அம்மா வெளியே போக முடியாமல் நிற்கிறார். அதை எடுத்தால் நான் போய்விடுவேன்," என்றான்.

எல்லோரும் குகன் அண்ணையைப் பார்த்தார்கள். குகன் அண்ணை சாமி அறையைப் பார்த்தார். திறப்பு அம்மன் காலடியில், சந்தனத்தோடு கிடந்தது.

"புனிதம், இது ஒண்டை மட்டும்..." என்று தொடங்கிய மாஸ்டர், மாமியின் முகத்தைக் கண்டு பாதியில் நிறுத்தினார்.

"அப்படியானால் இந்த வீட்டிலிருந்து எதைத்தான் எடுக்கலாம்?" என்று கேட்டான் கொன்ஸ்டபிள்.

"வடை எடுக்கலாம்," என்றாள் வாசுகி.

அவன் எடுத்தான். இரண்டாவதும் எடுத்தான். மூன்றாவது வடையோடு அவனுக்கு ஒரு யோசனை வந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆம்பிளைகள் அத்தனை பேரும் மழைக்குள் இறங்கினோம். கொன்ஸ்டபிள் அவசரத்தில் மாஸ்டரின் பாட்டாச் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தான். காரைச் சுற்றி நின்று பிடித்து, ஒரு பக்கமாகத் துள்ளவிட்டுத் துள்ளவிட்டு நகர்த்தினோம். தேர் இழுக்கிற ஞாபகம் வந்ததோ என்னவோ, யாரோ "அரோகரா!" என்றார்கள். அடுத்த துள்ளலுக்கு எல்லோரும் "அரோகரா!" அதற்கடுத்த துள்ளலுக்குக் கொன்ஸ்டபிளும் "அரோகரா!" பக்கத்து வீட்டு அம்மா ஜன்னலில் நின்று கை தட்டினார். நான் அழுத கண்ணோடு சிரித்துக்கொண்டு தள்ளினேன். சம்பந்தம் போனது போனதுதான், ஆனால் அப்படி ஒரு சந்தோசம் லண்டனுக்கு வந்த நாள் முதல் எனக்கு இருந்ததில்லை.

திறப்பு அம்மனிடம் இருந்தபடியால் நானும் குகன் அண்ணையும் ரயிலில்தான் திரும்பினோம். வழி முழுக்க அவர் என்னோடு பேசவில்லை. வால்தம்ஸ்டோ வந்ததும், "வயசையுமடா சொன்னனி?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் காலை மறுபடி போக வேண்டியிருந்தது. பிஸ்டலையும் கார்த் திறப்பையும் எடுக்க வேண்டுமே. வெட்கம் பிடுங்கித் தின்ன மணியை அடித்தேன். வாசுகிதான் கதவைத் திறந்தாள். என்னைக் கண்டதும் இரண்டு கைகளையும் உயர்த்தினாள்.

"இற் இஸ் நொட் லோடட் தானே?"

பார்வையைத் திருப்பினேன். அவளுக்குப் பின்னால், ஹீற்றருக்குக் கிட்ட வைக்காமல், நிழலான ஒரு மூலையில், என் உறை நின்றது. இரவே உள்ளே பழைய பேப்பரைச் சுருட்டி அடைத்து, விடிய எழும்பி மாற்றி அடைத்திருக்கிறாள். "கெதியாக் காய வைச்சால் தோல் வெடிச்சுப்போகும். அதுதான்," என்றாள். யாரும் அவளிடம் செய்யச் சொல்லவில்லை. நான் அப்போதே விழுந்துவிட்டேன்.

பூசை முடிந்து, பிஸ்டலைத் துடைத்து உறைக்குள் விட்டோம். போகவில்லை. தோல் சுருங்கிவிட்டது. அந்த 'டொக்' அதோடு சரி.

மாஸ்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். மறுப்பைச் சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து, "நீங்கள் சொல்லவே தேவையில்லை, மாஸ்டர், எனக்கு விளங்குது," என்றேன். (வியாதி.)

"என்ன விளங்குது? இதுக்கு முந்தியும் மூண்டு பேர் வந்தவை. எல்லாரும் மனேஜர்மார். பிறகு விசாரிச்சால் ஒருத்தரும் இல்லை. நீர் ஒராள்தான் நான் கேக்காமலே சொன்னனீர். பொய் சொல்லத் தெரியாத மாப்பிள்ளை எனக்குக் காணும், வேற ஒண்டும் வேண்டாம்."

அடுத்த தையில் கலியாணம். சாதகத்தில் பத்துக்கு எட்டுப் பொருத்தம். உறைக்கும் பிஸ்டலுக்கும் இன்றுவரை ஒரு பொருத்தமும் இல்லை. பிஸ்டல் எங்கள் வரவேற்பறைச் சுவரில் தனியே தொங்குகிறது, வருடத்துக்கு ஒருமுறை பூ வைத்துக்கொள்கிறது. உறை முகப்பில் நிற்கிறது. அதில் குடை வைக்கிறோம். மாமா சொன்னது சரிதான், தண்ணி ஒழுகுவதே இல்லை.

அந்த 'நொட் லோடட்' வசனத்தை மட்டும் என்னால் இன்றுவரை கழுவ முடியவில்லை. பிறஷர் குக்கரைத் திறக்கும்போது மாமி அதைச் சொல்வார். மகள் கைக்குழந்தையாக இருந்தபோது நப்பியை மாற்றுமுன் வாசுகி அதைச் சொல்வாள். குகன் அண்ணை என் வீட்டு மணியை அடித்தால் கையை உயர்த்திக்கொண்டுதான் நிற்பார்.

போன சரஸ்வதி பூசைக்கு மகள் தான் விரும்பிய பெடியனை முதன்முறையாக வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தாள். எனக்கு அவனை எப்படி விசாரிப்பது என்று ஒரே யோசனை. மணி அடித்தது. போய்த் திறந்தேன். மடிக்கணினிப் பை தோளில் தொங்க, ஒரு கையில் ஈரக் குடையோடு, இரண்டு கைகளையும் உயர்த்தியபடி நின்றான்.

"அங்கிள், இற் இஸ் நொட் லோடட்," என்றான். "எனக்கு இன்னும் வேலையும் நிரந்தரமாகேல்லை."

அவன் குடையை வாங்கி உறைக்குள் வைத்துவிட்டு, உள்ளே வரச் சொன்னேன்.